வேலைக்கும் தனி வீட்டுக்கும் போன, அறிவுசார் குறைபாடு உள்ள நம் பிள்ளைகள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

திருச்சி அக்கா:
தம்பிக்கு 24 வயது. சர்டிபிகேட்டில் ‘மைல்ட்’ (லேசான குறைபாடு) என்று இருக்கும், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஸ்வீட் கடை ஒன்றில் பெட்டி மடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. முதல் சம்பள நாளில் அப்பாவும் கூடப் போயிருந்தார். தம்பி கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு நீட்டினான். முதலாளி அவனைத் தாண்டி அப்பாவிடம் கவரைக் கொடுத்தார். “நீங்களே வெச்சுக்குங்க சார், இவன் தொலைச்சிருவான்.” அப்பா எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீட்டிய கையை அவன் மடக்கவே இல்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பவில்லை. கேட்டால் கால் வலி. வேலையிடத்தில் கூடவே இருந்து பழக்கிவிடும் ஜாப் கோச் வந்து, மொட்டை மாடியில் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் காரணம் வெளியே வந்தது. அடுத்த மாதம் வவுச்சரில் அவனே கையெழுத்துப் போட்டு வாங்கினான். நேரம் பிடித்தது, பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு டார்ச் லைட் வாங்கினான். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சேலம் அம்மா:
எங்களுக்கு வங்கியில். மகளுக்குச் சம்பளக் கணக்கு தொடங்கப் போனோம். எந்த இடம் என்று காட்டினால் அழகாகக் கையெழுத்துப் போடுவாள். அதிகாரி என்னைப் பார்த்து, “இவங்களுக்குப் புரியுமா?” என்றார். அவளே, “புரியும் சார். மாசம் எவ்வளவு எடுக்கலாம், சொல்லுங்க” என்றாள். எவ்வளவு சரியான கேள்வி! அவரோ அதற்கும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். கார்டியன் (சட்டப்படியான பாதுகாவலர்) சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

கணக்கர்:
சேலம் சகோதரி, வங்கிக்காரரை மட்டும் குறை சொல்வது சரியில்லை. 18 வயது ஆகிவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகக் கார்டியன் ஆக முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து வாங்க வேண்டும். அண்ணனுக்கு அப்படித்தான் வாங்கினோம். அங்கே ஓர் அம்மா அண்ணனையே கேட்டார்: “யார்கூட இருக்க உங்களுக்குப் பிடிக்கும்?” அண்ணன் என்னைத் தாண்டி என் மனைவியைக் கைகாட்டினான். அதுவரை அவனை அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சேலம் அம்மா:
கணக்கர் அண்ணா, உங்கள் அண்ணனுக்குத் தேவைப்பட்டது, வாங்கினீர்கள். என் மகளுக்கு எதற்கு? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சட்டத்தின் முன் மற்றவர்களுக்கு இருக்கும் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் முடிவுக்கு மட்டும், அவர்களோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட கார்டியனைத்தான் சொல்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்குப் பதிலாக நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

ஜாப் கோச் ஒருத்தி:
திருச்சி அக்கா எழுதியதைப் படித்ததும் எழுத வந்தேன். கேன்டீனில் டம்ளர் கழுவும் வேலைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தேன். நாங்கள் முதலில் வேலையில் சேர்த்துவிட்டு, அந்த இடத்திலேயே கற்றுக்கொடுப்போம். பயிற்சி மையத்தில் வருஷக்கணக்கில் கவர் ஒட்டினாலும் கேன்டீன் சத்தம் பழகாது. அவள் ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்பது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, தண்ணீரில் முக்கு, ட்ரேயில் கவிழ். ட்ரே நிறைந்தால் மாஸ்டரிடம் கொண்டு போ. இப்படிப் பிரித்ததும் பிடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய தொல்லை, ஆளாளுக்கு வேலை ஏவியது. மாஸ்டர் ஒருவர்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரிடமும் பேசி முடிவு செய்தோம்.

பக்கத்தில் நின்றவள் வாசலுக்கு நகர்ந்தேன், அப்புறம் எதிர்க்கடைக்கு. அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக் கிளாஸ் ஒன்று உடைந்தது. அவள் என்னைத் தேடி வாசல் பக்கம் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனாள். “அண்ணா, உடைஞ்சிருச்சு. கூட்டிர்றேன்.” அவர் தலையைக்கூடத் திருப்பாமல், “கால்ல செருப்பு இருக்கா?” என்று கேட்டார். வேலையில் இருக்கும் யாரிடமும் கேட்கிற கேள்வி அது.

கோவை:
அக்கா மூன்று பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். உதவிக்கு ஓர் அம்மா காலையும் மாலையும் வந்து போவார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைச் சங்கிலி போட்டுக் கொஞ்சமாகத் திறந்து, “இன்னிக்கு நாங்க துணி துவைக்கிறோம். போன் பண்ணிட்டு வா” என்றாள். கழுத்துக் கயிற்றில் அவளுடைய பீரோச் சாவி. எங்கள் வீட்டில் இருந்தவரை அவளுக்கென்று பூட்டுகிற மாதிரி எதுவுமே கிடையாது. வாங்கிப் போன பழத்தை மட்டும் கதவிடுக்கில் வாங்கிக்கொண்டாள்.

ஓய்வுபெற்றவன்:
என் மகன் நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். ஒரு நாள் மழை பெய்தும் ஊற்றினான் என்று திட்டினார்கள், அவன் அழுதான். அவ்வளவுதான் என் கதை. கோவைத் தம்பி, முதலில் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை புதுப்பித்திருக்கிறதா பாருங்கள். நிராமயா மருத்துவக் காப்பீடு எடுங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பெற்றவர்கள் அரசு ஊழியர் என்றால் குடும்ப ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயரை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். காலத்துக்குப் பிறகு அலைவது பெரும்பாடு. பிள்ளை வேலைக்குப் போனால் அந்த ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். மத்திய அரசு 2021இல் அதற்கான வருமான வரம்பைத் தளர்த்தியது, உங்கள் துறையில் விதி என்ன என்று எழுதிக் கேளுங்கள். அரசு வேலைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 1995 சட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடே கிடையாது. 2016 சட்டம் தந்த 4 சதவீதத்தில், ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு சேர்த்து 1 சதவீதம் இருக்கிறது. உயில் எழுதாதவர்கள் உடனே எழுதுங்கள்.

கோவை:
ஐயா, நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். உங்கள் மகனைத் திட்டினார்களே, அப்புறம் என்ன ஆனது?

ஓய்வுபெற்றவன்:
மழை பெய்தால் மண்ணில் விரலை விட்டுப் பார் என்று நர்சரியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார். இப்போது அப்படித்தான் செய்கிறான். திட்டியவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வைகைக்கரை:
என் வீட்டில் இப்படி யாரும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். மதுரையில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் போகும் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர், கழுத்தில் வேலை செய்யும் இடத்து அட்டை. ஜன்னலில் பழக்கமான கடை எதுவும் வராததால் உதடு நடுங்கியது. நான் பேச வாயெடுப்பதற்குள் பொத்தான் போனை எடுத்தார். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன். “சார், பஸ் வேற ரோட்ல போகுது. நான் வர லேட்டாகும். லீவு போடல.” அதன் பிறகுதான் என்னிடம் திரும்பி, எங்கே இறங்கினால் நடக்கலாம் என்று கேட்டார். சொன்னேன். இறங்கி வேகமாகப் போய்விட்டார். அவருக்கு வேலை கொடுத்தவர் இதைப் படித்தால், அன்றைய தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பஸ் தாமதம்தான், நான் சாட்சி.