கடைசி 100 கிலோமீட்டருக்கு முன்னால் சிலிம் ரிவரில் கூட்டாளி வீடு: ஒரு ராத்திரியா, ரெண்டா?

பத்துமலை_வரைக்கும்:
வணக்கம். பாங்காக்கில் கிளம்பி, பாடாங் பெசார் எல்லை வழியா மலேசியாவுக்குள்ள வந்து, கூட்டரசு சாலை 1-ல் ரெண்டு பேர் சைக்கிளில் இறங்கி வர்றோம். முடிக்கிற இடம் பத்துமலை. சிலிம் ரிவர் ஊருக்கு உள்ளே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் கூட்டாளி குடும்பம், கட்டாயம் தங்கிட்டுத்தான் போகணும்னு சொல்றாங்க. ஈப்போவிலிருந்து ஒரே நாளில் போயிடலாமா? எத்தனை ராத்திரி தங்கறது? டயர் 700×38, ஆளுக்கு 18 கிலோ சுமை. செயின் பழசு, அங்கேயே மாத்திடலாமான்னு யோசனை.

பழைய_டிரங்க்_ரோடு:
ரெண்டு ராத்திரி. சாயங்காலம் வந்து, குளிச்சு, சாப்பிட்டு, விழுந்து தூங்கி, விடிஞ்சதும் கிளம்பினா அது கூட்டாளி வீடு இல்ல, லாட்ஜ்.

ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 110 கி.மீ. இந்தச் சுமைக்குச் சராசரி 15 கி.மீ. வச்சாலே மிதிக்க மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல. இங்கே வெளிச்சம் வரவே 7 மணி ஆகும். பசியாற, தண்ணி குடிக்க நின்னா, சேர்றது சாயங்காலம் 4. இடி மழை இறங்குற நேரமும் அதுதான். அதனால ஈப்போவுக்கு அடுத்த ராத்திரியை பீடோரில் போடுங்க. மறுநாள் மிச்சம் 40 கி.மீ.க்குள்ள, 11 மணிக்கு முன்னாடியே வாசல்ல நிக்கலாம்.

கிழமை முக்கியம். சனிக்கிழமை போய், ஞாயிறு முழுக்க இருந்து, திங்கள் கிளம்புங்க. ஞாயிறுதான் வீட்டில் எல்லாரும் இருப்பாங்க.

இன்னொண்ணு, அவங்க உங்க வேகத்தை கார் கணக்கில் போடுவாங்க. ஈப்போவிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் காருக்கு ஒரு மணி நேரம் சொச்சம். அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லைங்கிறது அவங்களுக்கு ஞாபகம் வராது. மணி சொல்லாதீங்க. வழியில் சுங்காய் ஊரைத் தாண்டினதும் ஒரு மெசேஜ் போடுங்க, அதுக்கப்புறம் உலை வைக்கட்டும்.

செம்பனை_முள்:
டிரங்க் ரோட்டை (அதே கூட்டரசு சாலை 1) விட்டு உள்ளே திரும்புறதுதான் தொல்லை. எந்த கேட்டுன்னு முன்னாடியே கேட்டு, இருப்பிடத்தை போன்ல சேமிச்சு வச்சுக்குங்க. உள்ளே லைன் கிடைக்காம போகலாம். காவலாளிகிட்ட யார் வீட்டுக்குப் போறீங்கன்னு சொல்லி வைக்கச் சொல்லுங்க.

செம்மண் பாதைன்னா காத்தை 60 பிஎஸ்ஐயிலிருந்து 45-க்கு இறக்குங்க. மழை பெய்ஞ்ச மண் மட்கார்டுக்குள்ள அப்பிச் சக்கரத்தையே நிறுத்திடும். குச்சியால் நோண்டணும், மிதிச்சுத் தள்ளப் பார்த்தா மட்கார்டு கம்பிதான் வளையும். குலை லாரி வந்தா ஒதுங்கி நின்னுடுங்க. ஆனா வெட்டிப் போட்ட மட்டை மேல ஏறி நிக்காதீங்க. மட்டையோட அடிக்காம்பு ஓரமெல்லாம் முள்.

அந்த முள் குத்தினா டியூபை மட்டும் மாத்தி ஓட்டாதீங்க. நுனி உடைஞ்சு டயருக்குள்ளேயே இருக்கும், ரெண்டு கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். பழைய துணியை டயர் உள்பக்கம் சுத்தித் தடவுங்க, துணி சிக்குற இடத்தில்தான் முள். உள்ளேயிருந்து வெளியே தள்ளி, இடுக்கியால் பிடுங்கிட்டு அப்புறம் டியூப் போடுங்க.

மண்ணெண்ணெய்_தகரம்:
செயினை மாத்தாதீங்க. தேய்ஞ்ச பல்சக்கரத்தில் புதுச் செயின் போட்டா, அழுத்தி மிதிக்கும்போது தாவும். அப்புறம் பின்சக்கரப் பல்லையும் மாத்தணும். 100 கி.மீ.க்கு எதுக்கு அந்தச் செலவு? 12 அங்குல ஸ்கேலை செயினோட ஒரு பின் (கண்ணிகளைக் கோக்கிற ஆணி) நடுவில் வச்சுப் பாருங்க. 12 அங்குலத்தில் இன்னொரு பின்னோட நடு நேரா நின்னா நல்ல செயின். 1.5 மி.மீ. தள்ளியிருந்தா மாத்துற பருவம். 3 மி.மீ.ன்னா பல்சக்கரமும் போயிருக்கும். இது ஊருக்குப் போய்ப் பார்க்கிற வேலை. மண்ணெண்ணெயில் துடைச்சு, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். மேலே வழியறதைத் துடைச்சிடணும், இல்லேன்னா செம்மண் ஒட்டி அரைக்கும்.

பிரேக் கட்டை மட்டும் பாருங்க. தேய்மானக் கோடு அழிஞ்சிருந்தா மாத்தணும், அதில் மிச்சம் பிடிக்காதீங்க.

யாரும் சொல்லாதது ஒண்ணு: மூட்டைப்பூச்சி. மலிவு ஹோட்டல் மாறி மாறித் தங்கின பையில் அது இருந்தா, கூட்டாளி வீட்டு மெத்தைக்குக் குடிபோயிடும். பீடோரிலேயே டோபி கடையில் துணியெல்லாம் துவைச்சு, அதிகச் சூட்டில் 30 நிமிஷம் காயவச்சிட்டுப் போங்க. பைகளை அஞ்சடியிலேயே (வாசல் தாழ்வாரத்திலேயே) வைங்க.

பத்துமலை_வரைக்கும்:
அஞ்சடி விஷயம் நல்லவேளை சொன்னீங்க. வெறுங்கையோட போக மனசில்ல, என்ன வாங்கலாம்? திங்கக்கிழமை கடைசி ஓட்டத்துக்கு வழி?

பழைய_டிரங்க்_ரோடு:
பீடோர்க் கொய்யா, மூணு கிலோ. கிளம்பற காலையில் வாங்குங்க, மேல்பையில் வைங்க. கீழே வச்சா கூழ்தான்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்தே இருந்தா திங்கள் கால் இறுகிடும். காலையில் சுமை இல்லாம 15 கி.மீ. ஓட்டிட்டு வந்துடுங்க. கூட்டாளி மகனுக்கும் ஒரு சைக்கிள் இருக்கும், கூட்டிப் போங்க.

திங்கள் 7 மணிக்குக் கிளம்பி தஞ்சோங் மாலிம், கெர்லிங், ரவாங். ரவாங்குக்கு முன்னால் பைபாஸ் மேம்பாலத்தில் ஏறாம, பழைய ரோட்டைப் பிடிச்சு டவுனுக்குள்ள போய், கஞ்சிங் காட்டு வழியா செலாயாங். ஏற்றம் கொஞ்சம்தான், ஆனா வளைவு, லாரி, பின்விளக்கு எரியட்டும். மதியம் 3 மணிக்குள்ள செலாயாங் தாண்டிடணும், அதுக்கு மேல ஆபீஸ் கூட்டம். வழிச்சோறு கட்டித் தருவாங்க. புளிச்சோறு கேளுங்க, தேங்காய்ச் சட்டினி சூட்டில் மதியத்துக்குள்ள கெட்டுடும்.