புதுப்பிப்பு: டெடி ஹாலந்து நீக்கம், ஒரு திருத்தம்

அயர்லாந்தின் கார்க் மாவட்டக் கேலிக் கால்பந்து (அந்நாட்டின் மரபுவழிக் கால்பந்து) அணியின் மேலாளர் டெடி ஹாலந்தை 2008இல் வீரர்களே விரட்டிவிட்டார்கள் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

சண்டை அவரோடு தொடங்கவில்லை. 2007இல் முந்தைய மேலாளர் பில்லி மோர்கன் விலகியதும், ஆடும் வீரர்களைத் தேர்ந்தெடுக்க உதவும் துணைத் தேர்வாளர்களை மேலாளரே அமர்த்தும் உரிமையை, கார்க் அணிகளை நிர்வகிக்கும் கவுண்டி வாரியம் பறித்தது. வீரர்கள் எதிர்த்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் வாரியம் ஹாலந்தை நியமித்தது. கால்பந்து வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் கார்க் வீரர்களும் தோள்கொடுத்தார்கள். இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். லீக் ஆட்டங்களில் இறங்காமலே கார்க் புள்ளிகளை இழந்தது.

கடைசியில் இந்தப் பிணக்கைத் தீர்க்க நடுவராக வந்த கீரன் மல்வியின் தீர்ப்பு ஹாலந்துக்கு எதிராக அமைந்தது. ஹாலந்து தாமாக விலக மறுத்தார். நியமித்த அதே வாரியமே வாக்களித்து அவரை நீக்கியது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: விதியை மாற்றியவர்கள் பதவியில் இருக்க, அழைப்பை ஏற்று வந்தவர் பலியானார்.

அடுத்து வந்த கானர் கூனிஹன் 2010இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றார். வீரர்களின் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். ஹாலந்துக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.