மார்ச், ஏப்ரல் பூச்சிகள்: பெங்களூரு மாடித்தோட்ட அனுபவங்கள்

ஹலசூர்:
சிவராத்திரி முடிஞ்சு வெயில் ஏறினதும் செம்பருத்திக் கொழுந்துல வெள்ளையா பஞ்சு ஒட்டினாப்ல மாவுப்பூச்சி வந்துடும். உடம்பு முழுக்க மெழுகு, அதனால வெறும் தண்ணி வழுக்கிட்டுப் போயிடும். மோசமான நுனிகளை வெட்டி, கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க. உரத்தொட்டியில போட்டா அங்கிருந்தே திரும்பி ஏறும்.

ஸ்ப்ரேக்கு 1 லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி. எண்ணெயையும் சோப்பையும் முதல்ல கலக்கி, வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் விட்டு, பால் மாதிரி வெளுக்கிற வரை குலுக்கணும். மீதித் தண்ணி அதுக்கப்புறம்தான். வரிசை மாறினா எண்ணெய் மேல மிதக்கும். ஸ்ப்ரேயர் குழாய் அடியில இருந்து இழுக்கறதால, முதல் செடிக்குத் தண்ணிதான் போகும். கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகும். "வேப்பெண்ணெய் வேலை செய்யல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல, இலைக்கு அடியிலயும் கணுவிடுக்குலயும் அடிங்க. பஞ்சுப் பைக்குள்ள இருக்கிற முட்டைக்கு மருந்து போகாது. குஞ்சு வெளிய வரும்போது பிடிக்க 7 நாளுக்கு ஒரு தடவையா மூணு தடவை. மீந்த கலவையை எடுத்து வைக்காதீங்க, வீரியம் போயிடும்.

ஜலஹள்ளி:
ஹலசூர் சார் சொன்னதுக்கு முன்னாடியே எறும்பை நிறுத்தணும். மாவுப்பூச்சி கழிக்கிற தேன்பாகுக்காக எறும்பு அதுக்குக் காவல் இருக்கும், செடி விட்டு செடிக்குத் தூக்கிட்டும் போகும். அந்தப் பாகு மேலதான் கரும்பூசணம் படியுது. தொட்டியைத் தண்ணி ஊத்தின தட்டுல, செங்கல் மேல வைங்க. ஒரே ஒரு கிளை கிரில்லைத் தொட்டாலும் அது பாலம் ஆயிடும். கொசு முட்டையிடாம இருக்க, வாரத்துக்கு ஒரு தடவை தட்டைத் தேய்ச்சுக் கழுவணும்.

புத்துக்கு: சர்க்கரை 8 டீஸ்பூன், நாட்டு மருந்துக் கடை வெண்காரம் (போராக்ஸ்) அரை டீஸ்பூன், வெந்நீர் 1 டம்ளர். பஞ்சுல நனைச்சு எறும்பு வரிசை ஓரமா வைங்க. வெண்காரம் கூடினா வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துடும், ராணி வரை போகாது. பக்கத்துல வேற மருந்து அடிக்கவும் கூடாது. குழந்தை, நாய் இருக்கிற வீட்டுல மூடி போட்ட டப்பாவுல ஓட்டை போட்டு உள்ள வைங்க.

பானஸ்வாடி:
மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. வெள்ளையா, மெழுகு நூல் தொங்க, மாவுப்பூச்சியைவிட ரெண்டு மடங்குக்கு மேல பெருசா, தொட்டதும் விறுவிறுன்னு நடந்தா அது பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியைத் தின்னுறது. அது இருக்கிற செடியை விட்டுடுங்க. நம்ம ஹெப்பாள்ல இருக்கிற பூச்சி வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்த வழியிலதான் போச்சு: 2008ல கோயம்புத்தூர்ல தலைகாட்டின பப்பாளி மாவுப்பூச்சிக்கு, 2010ல புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து அதோட உடம்புக்குள்ள முட்டையிட்டு அதைக் கொல்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சு விட்டாங்க.

வொயிட்ஃபீல்டு:
கோடை மழை பெஞ்ச ராத்திரி ஈசல் வந்தா ஜன்னலைச் சாத்தி, ட்யூப்லைட்டை அணைச்சு, பால்கனி விளக்குக்குக் கீழ தண்ணித் தாம்பாளம் வைங்க. வெளியில இருந்து வர்றது பெருக்கித் தள்ளினா முடிஞ்சுது. கதவு நிலையோரமோ ஸ்கர்டிங் இடுக்கோ இருந்து கிளம்பினா, உள்ளயே கரையான் குடியிருக்கு. நாலு இறக்கையும் ஒரே நீளமா இருந்தா ஈசல். முன் இறக்கை நீளமா, இடுப்பு ஒடுங்கியிருந்தா றெக்கை எறும்பு. கரையானுக்கு ஆள் கூப்பிட்டா மேலோட்டமா அடிச்சுட்டுப் போக விடாதீங்க. சுவரும் தரையும் சேர்ற இடத்துல 30 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கணும்.

ஆர்.டி. நகர்:
கறிவேப்பிலைக் கொழுந்துல அசுவினிக்கும் வேப்பெண்ணெயா? குழம்புல கசக்குமே!

ஹலசூர்:
வேண்டாம்மா. காலையில ஹோஸ் பைப்பால கீழிருந்து மேலா வேகமா பீய்ச்சுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அசுவினி மேல மெழுகு கிடையாது, விழுந்துடும். சுருண்ட கொழுந்தை மட்டும் கிள்ளிப் போடுங்க, உள்ள தண்ணி போகாது.