நான் வாங்காத கடனுக்கு போன் வருகிறது, உதவுங்கள்

அல்சூர் கவிதா: அவசரம். காலையிலிருந்து நாலு தடவை போன். நான் வாங்காத கடனுக்குத் தவணை கட்டச் சொல்கிறார்கள். அப்பா பெயர் முதல் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

ஹெப்பால் வாசி: எந்த வங்கி? ஓடிபி ஏதாவது கொடுத்தீர்களா? ஆதார் நகலைக் கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள்?

மழைக்காகிதம்: கடன் ஆப் ஏதாவது இறக்கியிருப்பீர்கள். அதுதான் போனில் உள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அழித்துவிடுங்கள்.

அல்சூர் கவிதா: எந்த ஆப்பும் இல்லை.

தணிகை: விவரமே இல்லாமல் அவசரம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? கடன் எந்த போன் எண்ணில் பதிவாகியிருக்கிறது? அதை முதலில் கேட்டிருக்க வேண்டாமா? கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதுவது?

அல்சூர் கவிதா: மன்னியுங்கள் அண்ணா, பதற்றம். 41இல் முடிகிற எண் என்றார்கள், அது என்னுடையது இல்லை. மார்ச்சில் மர்பி டவுனுக்கு வீடு மாறினோம். புரோக்கர் கேட்டார் என்று ஆதார் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தேன்.

மாகடி ரோடு: கடைதான்! அந்தக் கணினித் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் வந்தவர்களின் ஆதார், பான், மார்க்‌ஷீட் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். பிரிண்ட் வந்ததும் பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்ல வேண்டும்.

மழைக்காகிதம்: சிவாஜிநகரில் என் மாமா கடை வைத்திருக்கிறார். ராத்திரி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். புரோக்கர் கையில் போன நகலை யார் அழிக்கிறார்கள்?

மாகடி ரோடு: உங்கள் மாமா நல்லவர், எல்லாரும் அப்படியா? 2022 மே 27இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகமே கண்டவர்களுக்கு நகல் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது.

தணிகை: அதை இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள். முழுசாகச் சொல்லுங்கள்.

மாகடி ரோடு: ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்றுதான் எடுத்தார்கள். எச்சரிக்கையில் என்ன தப்பு?

ஹெப்பால் வாசி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கவிதா, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள சிம்கள் தெரியும். 41 இருந்தால் ‘என் எண் அல்ல’ என்று குறியுங்கள், குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். அடுத்தது, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒன்று இலவசம். அந்தக் கடன் அதில் இருந்தால் அங்கேயே மறுப்புப் பதியுங்கள், சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) இன்றைக்கே பூட்டுங்கள். போனில் கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அல்சூர் கவிதா: பார்த்தேன். மூன்று சிம் காட்டுகிறது, இரண்டுதான் என்னுடையவை. 41 இருக்கிறது. குறித்துவிட்டேன், பயோமெட்ரிக்கும் பூட்டியாயிற்று. சிபில் ராத்திரி பார்க்கிறேன். ரொம்ப நன்றி.

ஸ்ரீராம்புரம்: சிபிலில் என்ன வந்தது கவிதா? என் அம்மாவுக்கும் நேற்றிலிருந்து இதே மாதிரி போன் வருகிறது.