புதுப்பிப்பு: பட்டிப்பொலயில் பேரப்பிள்ளைகளோடு கூடாரம், விறகடுப்பில் கடலை வெந்தது

பேரப்பிள்ளைகளோடு இலங்கை மலைநாட்டில் பட்டிப்பொல பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம், அந்த உயரத்தில் கடலை வேகுமா, என் அம்மாவுக்குக் குளிர் தாங்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாச்சு.

பிரஷர் குக்கர் கொண்டுபோகச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடேறாது. காலையிலேயே ஊறப்போட்ட கடலை குக்கரில் நன்றாக மசிந்து வெந்தது. சோற்றுக்கு மூடியின் மேல் கல் வைத்து, கூடுதல் நேரம் விட்டோம், சரியாக வந்தது.

காய்ந்த தேயிலை மிலாறு, அதாவது தேயிலைச் செடியின் குச்சிகள், கட்டிக்கொண்டு போனதும் நல்லதாயிற்று. அங்கே கிடைத்த விறகெல்லாம் ஈரம். மிலாறு சட்டென்று பிடித்துச் சீக்கிரம் எரிந்துவிடும், அதனால் தடித்த கட்டையும் தேவை. அடுப்பு மூட்டப் பிள்ளைகளுக்கு அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். தகரத்தில் சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

எதிர்பாராதது, குளிர் தரையிலிருந்து ஏறியது. மேலே எத்தனை கம்பளி போர்த்தியும் அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அப்புறம் மெத்தைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளையும் சாக்குகளையும் விரித்த பிறகுதான் தூங்கினார். குளிருக்கு எரியும் கரி போட்ட சட்டியைக் கூடாரத்துக்குள் வைக்கும் யோசனையை மட்டும் நாங்கள் எடுக்கவில்லை, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.