உல்வா கொடுத்த அல்வா: பச்சைக் கடற்பாசிக்குப் பேர் வைக்கப் போய் மாட்டினவங்க வாங்க

மரிக்கொழுந்து:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், 2012. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்கிற ஊர்ல, கடல் தண்ணி வத்தின நேரம் பார்த்து எடுத்த பாசி, தாள்ல ஒட்டிக் காய வெச்சது மொத்தம் 23 ஷீட். பிரச்சினை 17-வது ஷீட்.

நாடா மாதிரி நீளம், நடுவுல வெளிறின பட்டை, ஓரமெல்லாம் நெளி. உல்வாங்கிற இலை மாதிரிப் பாசிப் பேரினத்துல ஃபேசியேட்டா இனம்னு முடிவு பண்ணி, உல்வா ஃபேசியேட்டான்னு பென்சில்ல எழுதியிருந்தேன். வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஷீட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சார். "இது உல்வா லாக்டுகாம்மா. அலை கிழிச்ச லாக்டுகா." என் கைடும் தலையாட்டினார். ரெண்டு வாரம் முன்னாடி ஃபேசியேட்டான்னு சொன்னவரே அவர்தான்! அங்கேயே ரப்பர் கடன் வாங்கி, ரெண்டு பேர் முன்னாடியும் அழிச்சேன். 3 மார்க் போச்சு.

2019-ல, லாக்டுகாவுக்குப் பேர் வெச்ச ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸோட மூல மாதிரியிலயே (அந்தப் பேருக்கு ஆதாரமான அதே காய்ஞ்ச பாசி) டி.என்.ஏ. எடுத்துப் பார்த்து, லாக்டுகாவும் ஃபேசியேட்டாவும் ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க. வட ஐரோப்பாவுல காலங்காலமா லாக்டுகான்னு கூப்பிட்டது இப்போ ஃபெனஸ்ட்ராட்டாங்கிற வேற இனம். அப்போ நானும் சரி, அவரும் சரி. எதுக்கு அந்த ரப்பர்?

கரைவலை:
உங்களுக்கு ரப்பர், எனக்கு ஒரு அக்கா. பாம்பன், தென்கடல் பக்கம். பாறை மேல வெயில் படுற இடத்துல திராட்சைக் கொத்து மாதிரி காலர்ப்பாங்கிற இன்னொரு பச்சைப் பாசி, அதே பாறை இடுக்கு நிழல்ல குட்டித் தட்டு தட்டா ஒண்ணு. முதல் பையில காலர்ப்பா ரேசிமோசா, ரெண்டாவதுல காலர்ப்பா பெல்டேட்டா. லேபிளும் கட்டியாச்சு.

பக்கத்துல விரல்ல துணி சுத்திக்கிட்டு பாசி எடுத்துட்டிருந்த அக்கா என் கையைப் பார்த்துட்டே இருந்தாங்க. குனிஞ்சு இடுக்குக்குள்ள கைவிட்டு, மெதுவா இழுத்து, முழுசா ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினாங்க. ஒரு நுனியில கொத்து, ஒரு நுனியில தட்டு. "ஒரே கொடியில காய்ச்சதைத்தான தம்பி ரெண்டு பையில போட்டிருக்கீக?"

ரிப்போர்ட்ல ரெண்டாத்தான் காட்டினேன். 40 இனமாவது இருக்கணும்னு மேல சொல்லியிருந்தாங்க, என்கிட்ட 39 இருந்தது. இதை இன்னிக்குத்தான் வெளிய சொல்றேன்.

மூலமாதிரி:
மரிக்கொழுந்து, ரெண்டு பேரும் சரின்னு சமாதானம் ஆகாதீங்க. ஒரே இனத்துக்கு ரெண்டு பெயர் இருந்தா முதல்ல வெச்ச பெயர்தான் நிக்கும். லாக்டுகா 1753, ஃபேசியேட்டா 1813. தேர்வாளர்தான் ஜெயிச்சார், காரணம் தெரியாமலே.

கரைவலை, உங்க அக்கா காட்டினது அந்தக் கொடி ஒண்ணுங்கிறதை மட்டும்தான். ரேசிமோசாவும் பெல்டேட்டாவும் ஒரே இனம்னு அதுல இருந்து வராது. 2014-ல அந்தக் கூட்டத்தையே மரபணு பார்த்துப் பிரிச்சாங்க. பெல்டேட்டா இப்போ கெம்னிட்சியா, அதுலயே தட்டும் வரும், கொத்தும் வரும். உங்க ரெண்டு பையிலயும் ரேசிமோசாவே இல்லாம இருந்திருக்கலாம்.

என் கதை சின்னது. குழாய் மாதிரி இருக்கிற என்டெரோமார்ஃபாவை இலை மாதிரி இருக்கிற உல்வாவோட சேர்த்தது 2003. எங்க துறை பீரோவுல பழைய உறைகளுக்குப் புது லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தேன். பசை தடவிக் கொடுத்த அட்டெண்டர் அண்ணன் கேட்டார்: "குழாயும் இலையும் எப்படி சார் ஒண்ணாகும்?" லின்னேயஸே ஒண்ணாத்தான் வெச்சிருந்தார்னு சொன்னேன். "அப்போ நடுவுல யார் பிரிச்சது?"ன்னார். பசை காயுற வரைக்கும் வாயைத் திறக்கல நான்.

கரைவலை:
40-ன்னு காட்டினது இப்போ மறுபடி 39 ஆயிடுச்சா? ரொம்ப நன்றிங்க.

தொட்டிக்காரன்:
நான் படிச்சவன் இல்ல பாஸ், மீன் தொட்டி வெச்சிருக்கிறவன். கடைக்காரர் "கிரேப்ஸ்"னு ஒரு பிடி காலர்ப்பா கொடுத்தார். எந்த இனம்னு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்த்துக்கலாம்னு விட்டேன். சனிக்கிழமை விடியக்காலை லைட்டைப் போட்டா தொட்டி முழுக்க அரிசி கழுவின தண்ணி. பாசி இருந்த இடத்துல அதே உருவம், அதே கொத்து, ஆனா பச்சை இல்ல. பாலிதீன் கவர் மாதிரி வெறும் தோல். தொட்டதும் கரைஞ்சுது. மொத்தச் செடியும் ஒரே செல்லாம். ஆண் செல், பெண் செல்னு உள்ள இருந்ததையெல்லாம் கொட்டிட்டுப் போயிடுமாம். மூணு மீன் போச்சு. அது என்ன இனம்னு இன்னிவரைக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற தாவரவியல்:
மாணவனாக இருந்தபோது மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு கற்றைப் பாசியின் நுனியை மட்டும் கிள்ளி வந்து கீட்டோமார்ஃபா லைனம் என்றேன். அடிச்செல் எங்கே என்று கேட்டு ஆசிரியர் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை அலை என் கண்ணாடியைக் கொண்டுபோனது. அது கீட்டோமார்ஃபா ஆன்டெனினா.

இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை. பாறையைப் பற்றியிருக்கும் பிடிப்புறுப்போடு பாசியை எடுங்கள். ஆன்டெனினாவின் அடையாளமே நீண்ட, அடியில் வளையம் வளையமாகச் சுருங்கிய அந்த அடிச்செல்தான். கிளை இருந்தால் கிளாடோஃபோரா என்ற பேரினத்தின் பக்கம் போங்கள். உல்வாவைப் புது பிளேடால் குறுக்கே சீவி, இரண்டு அடுக்கு செல் இருக்கிறதா பாருங்கள். ஓரடுக்கு என்றால் மோனோஸ்ட்ரோமா என்ற பேரினத்தை நினையுங்கள். அயோடின் ஒரு சொட்டு விட்டால் பைரினாய்டுகள் (பசுங்கணிகத்துக்குள் மாவுச்சத்து சூழ்ந்த சிறு மணிகள்) கறுத்துத் தெரியும், செல்லுக்கு எத்தனை என்று எண்ணலாம். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடாதீர்கள், பின்னால் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு, ஒரு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் தனியே வையுங்கள். ஷீட்டில் ஒட்டும்போது மேலே மெல்லிய துணி, பிறகு உறிஞ்சுதாள், தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது, 1986 முதல் அது தேசியப் பூங்கா. பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே அத்தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதிவிட்டார். முதலில் அதைப் படியுங்கள்.

மரிக்கொழுந்து அவர்களே, அந்த 17-வது ஷீட்டில் ஓரத்தை லென்ஸில் பார்த்தீர்களா? நுண்பற்கள் இருந்தால் உல்வா ரிஜிடா என்ற இனத்தையும் யோசிக்க வேண்டும். பல்லை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது.

மரிக்கொழுந்து:
ஐயா, நான் அறிவுரை கேட்கவே இல்லை. ஆனாலும் ராத்திரி பரண்ல இருந்து ஷீட்டை இறக்கி லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். பல் இருக்கு. அழிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே, ஆறு. பக்கத்துல பென்சிலும் வெச்சிருந்தேன். ஒண்ணும் எழுதல.