புதுப்பிப்பு: 3 பாஸ் சேராத அணி, இப்போது
மூன்று வாரம் முன்பு, ‘எங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து டீமில் தொடர்ந்து 3 பாஸ்கூட சேர்வதில்லை’ என்று இங்கே புலம்பியிருந்தேன். பலர் சொன்ன ரொண்டோ என்ற பாஸ் பயிற்சியைத்தான் பிடித்துக்கொண்டோம்: 10 மீட்டர் சதுரம், ஓரத்தில் 4 பேர், பந்தைப் பறிக்க நடுவில் 2 பேர், ஆளுக்கு இரண்டே டச் (பந்தை இரண்டு முறைதான் தொடலாம்). நெதர்லாந்து ஜாம்பவான் யோஹான் க்ரைஃப் பயிற்சியாளராக இருந்தபோது பார்சிலோனா கிளப்பில் வேரூன்றிய பயிற்சி. எங்களுக்கு முதல் நாள் வெறும் கூச்சல்தான்.

அப்புறம்தான் புரிந்தது, குறை காலில் இல்லை. பந்து வருவதற்கு முன் யாரும் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தள்ளியிருக்கும் காலில் பந்தை வாங்கப் பழகியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நேற்று ஒருமுறை 11 பாஸ் சேர்ந்தது. எண்ணியது நான்தான், கோல்கீப்பருக்கு அப்போது வேறென்ன வேலை! ஆனாலும் 2-1 என்று தோற்றோம். எங்கள் ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்) மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிறார். சரி, அவரை என்ன செய்யலாம்?